ஆள் இல்லாத வீட்டின் கயிறு

(உலக முதியோர் நாளன்று சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் நாள் மேடை என்றால் பெற்றோரின் பெருமையைப் பேசுவோம், முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டதாக வருத்தப்படுவோம், நான்கு பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுக் கலைந்துபோவோம். இன்று வேறொன்றைப் பேச அனுமதி கொடுங்கள். இல்லத்தில் சேர்க்காமல், சொந்த வீட்டில், பெற்ற பிள்ளைகளின் பொறுப்பில் இருக்கும் வயதானவர்களைக் கட்டிப்போடுகிறோமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கும் செவிலியர் வேலை என்னுடையது. கட்டுவதில் எத்தனை வகை உண்டு என்பதை அந்த வேலைதான் காட்டியது. பழைய சேலையைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டில் காலோடு கட்டுவது ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பைச் சுற்றித் துண்டைப் போட்டு முதுகுப்பக்கம் முடிச்சிடுவது இன்னொன்று. சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலுக்கு மறுபக்கம் பெஞ்சை நகர்த்தி அடைத்துவிடுவது, அறையை வெளியே தாழ்ப்பாள் போடுவது, ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைத்துவிடுவது, மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய தூக்க மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிடுவது, இவையெல்லாமும் கட்டுத்தான். மாட்டுச் சங்கிலி வரை போகும் வீடுகளும் உண்டு. பெரும்பாலான வீடுகள் அதுவரை போவதில்லை. ஒரு சேலைத் துண்டே போதுமாயிருக்கிறது.

ஒரு வீட்டை மட்டும் சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தோட்டத்து வீடு. அதற்குமேல் அடையாளம் வேண்டாம். திண்ணையை ஒட்டிய அறையில் நார்க் கட்டில். கட்டிலில் எண்பதைத் தாண்டிய ஆத்தா. வலது மணிக்கட்டில் முதலில் ஒரு பூந்துவாலையைச் சுற்றி, அதன்மேல் நாலாக மடித்த சேலைத் துண்டைக் கட்டியிருந்தார்கள். தோல் உரியக் கூடாது என்ற அக்கறை அந்தத் துவாலையில் இருந்தது. ஆத்தாவின் விரலுக்கு எட்டாதபடி முடிச்சைக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார்கள். மருமகளிடம் கேட்டேன், "ஏனுங்க இப்படி?"

"நான் கோழிப்பண்ணைக்குப் போயி முட்டை எடுத்துட்டு வர ஒரு மணி ஆயிருதுங்க. போன மாசம் பாத்தா கிணத்து மேட்டுல போயி நின்னுட்டு இருக்குறாங்க. அவரு ரிக் வண்டியில போயி நாலு மாசமாச்சு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தான கேக்கும்?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆத்தா என் கையைப் பிடித்தார். "சாமி, இத அவுத்து உடு. ஒண்ணுக்குப் போவோணும்."

நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த இரண்டு பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது. மருமகள் சொன்னதில் பொய் இல்லை. ஆத்தா கேட்டதில் பைத்தியமும் இல்லை.

முதலில் மருமகளின் பக்கம். இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நாமக்கல் லாரி டிரைவர் வடநாட்டு லோடு ஏற்றினால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போனவர் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஷிப்டு முறையில் ஓடுகிறது. கோழிப்பண்ணை, சேகோ ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை என்று பெண்களும் கூலிக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வீட்டில் இருப்பது ஆத்தாவும் நாயும்தான். வீடோ பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் காது கேட்காத தூரத்தில், காட்டுக்குள். கூப்பிடு தூரத்தில் இருப்பது கிணறு ஒன்றுதான், அதுவும் பாதிக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

மறதி நோய் நகரத்துக்காரர்களின் நோய் என்று ஒரு நினைப்பு நமக்கு. நாடு முழுவதும் நடத்தப்பட்ட லாசி-டாட் ஆய்வின் கணக்கு 2023-இல் வெளிவந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7.4 பேருக்கு மறதி நோய். மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் விகிதம் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். மக்கள்தொகையில் முதியோரின் பங்கு மிகுந்த மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆக, நான் பார்த்த வீடு தனி ஒரு வீடு இல்லை.

இப்போது அந்தக் கட்டைப் பார்ப்போம். எதற்காகக் கட்டினோம்? விழக் கூடாது என்பதற்காக. அந்தக் காரியமாவது நடக்கிறதா? அமெரிக்காவில் மேரி டினெட்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டப்படாதவர்களில் 100-க்கு 5 பேர் விழுந்து பலத்த காயம் அடைந்தார்கள். கட்டப்பட்டவர்களில் 100-க்கு 17 பேர். கட்டப்பட்டவர்கள் ஏற்கனவே தளர்ந்தவர்கள், அதனால்தான் கூடுதல் என்று சொல்லத் தோன்றும். அதையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் கட்டு காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

காரணம் உடம்பில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆரோக்கியமானவருக்கே பத்து நாளில் அப்படியென்றால், மாதக்கணக்கில் கட்டிலோடு கிடக்கும் ஒருவருக்கு என்ன மிஞ்சும்? கட்டை அவிழ்த்த அன்று எழுந்தால் விழத்தான் செய்வார். "பாத்தீங்களா, அவுத்து உட்டா விழுந்துடறாங்க" என்று மறுபடி கட்டுவோம். விழவைத்ததில் அந்தக் கட்டுக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை.

மூளைக்கும் இதே கதைதான். ஷரன் இனூய் என்ற மருத்துவர் 1996-இல், மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்தார். அவர் கண்ட ஐந்து காரணங்களில் கட்டிவைப்பது ஒன்று. கட்டப்பட்டவருக்குக் குழப்பம் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். குழம்புகிறார் என்று கட்டுகிறோம்; கட்டியதால் இன்னும் குழம்புகிறார்.

இதற்கு மேல் மூன்று ஆபத்துகள் உண்டு. இடுப்பில் கட்டியவர் கட்டிலிலிருந்து நழுவினால் துண்டு மேலேறி மார்பையோ கழுத்தையோ இறுக்கும். பராமரிப்பு இல்லங்களில் இப்படி உயிர் போயிருக்கிறது. அசையாமல் மல்லாந்து கிடந்தால் சில மணி நேரத்திலேயே முதுகெலும்பின் அடியில் தோல் சிவந்து படுக்கைப்புண் தொடங்கிவிடும். மூன்றாவது நம் ஊர் வெயில். சித்திரை மாதச் சேலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், கை எட்டும் தூரத்தில் சொம்பு இருந்தும் எடுத்துக் குடிக்க முடியாமல் கிடப்பவருக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஆத்தாவின் பக்கம். அவர் எதற்காக எழுந்தார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "நெனப்பு தப்பிருச்சு, சும்மா எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுது" என்பதோடு விட்டுவிடுகிறோம். சும்மா எழுந்திருப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒன்றுக்கு வந்திருக்கும். நாலு நாளாக மலம் இறங்காமல் வயிறு இறுகியிருக்கும். இடுப்பு வலிக்கும், சொல்லத் தெரியாது. தாகம் எடுத்திருக்கும். சாயங்காலம் ஆனால் மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்ற ஐம்பது வருடப் பழக்கம் காலை இழுத்துக்கொண்டு போகும். பொழுது சாயும்போது பரபரப்பு கூடுவது மறதி நோயின் இயல்பு.

இன்னொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் தாறுமாறாகப் பேச ஆரம்பித்தால், அது வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் உப்புச்சத்து குறைவது, ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, காய்ச்சல், இவை போன்ற ஒன்று காரணமாக இருக்கக்கூடும். பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கயிறு தேடும் நேரம் அது இல்லை.

தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பது கயிற்றைவிட நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களிடம் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. தூக்க மாத்திரை காலைத் தள்ளாடவைக்கும். விழுவதற்கு அதுவே வழி. மருத்துவர் யோசித்து, கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக்கொடுப்பது வேறு. கடையில் நாமாகக் கேட்டு வாங்குவது வேறு.

மற்ற நாடுகள் இதில் என்ன செய்தன? 1980-களில் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் பத்தில் நான்கு பேர் வரை கட்டப்பட்டிருந்தார்கள். 1987-இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பென்சில்வேனியாவில் லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்ட்ரம்ப் என்ற இரு செவிலியர் பேராசிரியர்கள் இதற்காகவே உழைத்தார்கள். இன்று அங்கே உடம்பைக் கட்டுவது மிகமிக அரிதாகிவிட்டது. ஜப்பானில் ஃபுகுவோகா மாகாணத்தின் பத்து மருத்துவமனைகள் 1998-இல் கட்டுவதைக் கைவிடுகிறோம் என்று கூட்டாக அறிவித்தன. 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியபோது அதன்கீழ் வரும் நிலையங்களில் கட்டுவது தடை செய்யப்பட்டது. தவிர்க்கவே முடியாத அவசரம் என்றால் மூன்று கேள்விக்கு விடை வேண்டும் என்றார்கள். இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்தா? வேறு வழியே இல்லையா? கொஞ்ச நேரத்துக்குத்தானா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டுமே. நம் வீட்டுக் கட்டுகளை இந்த மூன்று கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை மூன்றாவது கேள்வியிலேயே தோற்றுவிடும். அவை மாதக்கணக்கில் தொடர்பவை.

நம் நாட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று நம்மிடம் இருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 95-ஆம் பிரிவு மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சிந்தனை, மனநிலை மட்டுமல்லாமல், இடம் காலம் அறிதலிலும் நினைவிலும் ஏற்படும் பெருங்கோளாற்றையும் மனநோய் என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. கடுமையான மறதி நோய் அதற்குள் வரும். வீட்டுக்குள் ஒருவர் கொடுமைப்படுத்தப்பட்டால் காவல்துறை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கவும் 101-ஆம் பிரிவில் வழி உண்டு. முறையின்றித் தடுத்து வைப்பதும் அடைத்து வைப்பதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. மனநல மருத்துவமனையில் ஒருவரை உடனடி ஆபத்திலிருந்து காக்கக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும், ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்கிறது. படித்தபோது அந்த மருமகளின் முகம்தான் கண்ணுக்கு வந்தது. மருத்துவமனைக்குச் சட்டம் மறுத்த அதே காரணம்தான் அவருக்கு இருந்த ஒரே காரணம். மருத்துவமனையிடம் "ஆளைப் போடு" என்று அரசு சொல்லலாம். அவரிடம் யார் சொல்வது? யார் ஆள் கொடுப்பது?

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வயதானவரைக் கட்டும் கயிறு, அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு ஆளுக்குப் பதிலாகக் கட்டப்படுவது. மருமகளைக் கேஸ் போட்டு உள்ளே தள்ளினால் கயிறு அவிழாது. ஆத்தாவைப் பார்க்கும் ஒரே ஆளும் போய்விடுவார். வேண்டுமென்றே கொடுமை செய்பவர்கள் இருக்கிறார்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அடைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் வேண்டும். மற்ற வீடுகளுக்கு வேண்டியது ஆள்.

எந்த நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். நாள் முழுவதும் வேண்டியிருக்காது. விடியற்காலை ஐந்து மணி, வேலைக்குப் போயிருக்கும் நேரம், பொழுது சாயும் நேரம், நள்ளிரவில் ஒரு தடவை. அந்த நேரங்களுக்கு மட்டும் வழி செய்தால் கயிற்றின் வேலையில் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்காமலே கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். இரவில் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி இருக்கட்டும். உயரக் கட்டிலை மாற்றி, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் தாழ்ந்த கட்டிலைப் போடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஜீரோ வாட் பல்பு எரியட்டும், ஈரத் தரையும் சுருண்ட மிதியடியும் இருக்க வேண்டாம். கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள். ஆத்தாவைக் கட்டுவதைவிடக் கிணற்றை மூடுவது சுலபம். கதவில் ஆட்டு மணியைத் தொங்கவிட்டால் திறக்கும்போது சத்தம் வரும். முந்தானை ஓரத்தில் போன் நம்பரைத் தைத்து வையுங்கள். கண்ணாடி, காது மிஷின் இருந்தால் காலையிலேயே மாட்டிவிடுங்கள். கைக்கு வேலை கொடுங்கள்: கடலை உரிக்க, புளி கோது எடுக்க, பூக் கட்ட. சரியாகச் செய்கிறாரா என்று பார்க்காதீர்கள். சாயங்காலம் களத்தைச் சுற்றி ஒரு நடை கூட்டிப்போங்கள், இரவுத் தூக்கம் தானாக வரும்.

மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டும் வீடுகளும் உண்டு. முற்றிய மறதி நோயில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாக ஆதாரம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்ட முடியுமா, குழாய் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏற்கனவே கட்டியிருக்கிறீர்கள் என்றால் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். காலில் வலு இருக்காது. ஆள் இருக்கும் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, பிடித்து நடக்கவைத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இத்தனையும் செய்தாலும் ஒருநாள் அவர் விழக்கூடும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நடப்பவர் விழத்தான் செய்வார். அந்த ஆபத்தை வீட்டார் எல்லோரும் கூடிப் பேசி ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லோரும் என்றால் பெங்களூரில் இருக்கும் மகனும், கட்டிக்கொடுத்த மகளும் சேர்ந்துதான். போனில் "அம்மாவ நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, விழுந்த அன்று வந்து நின்று குற்றம் சாட்டுகிறவர்கள் இருக்கும்வரை எந்த மருமகளும் முடிச்சை அவிழ்க்கத் துணிய மாட்டாள். மாதத்தில் நாலு நாள் வந்து இருக்கட்டும். முடியாதென்றால் ஆள் கூலியைக் கொடுக்கட்டும்.

குடும்பத்தால் முடியாத பங்கு ஊருக்கும் அரசுக்கும் உரியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. தறியையும் குழந்தையையும் ஒரே பெண் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்று அன்றைக்கே சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. மாமியாரையும் தறியையும் சேர்த்துப் பார்க்க முடியாது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

குடும்பத்துக்குள் மறைத்து வைத்த ஒன்றைப் பொதுவில் பேசுவது சேலத்துக்குப் புதிதில்லை. பெண் சிசுக்கொலை நடந்த மாவட்டம் என்ற பெயர் நமக்கு இருந்தது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான். அந்தத் திட்டத்தின் மேல் விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால் வீட்டு விஷயம் என்று கண்ணை மூடிக்கொள்ளாமல், குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு இடத்தை வைத்தது. வயதானவர்களுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும், பகலில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போக.

2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்கள் அறிவிக்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் தோட்டத்து வீட்டு ஆத்தா பஸ் ஏறி நகரத்துக்கு வர முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையோடு வலிநீக்கப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீடு தேடி வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. உங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்டு வாங்குங்கள். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம்.

நாளை காந்தி பிறந்த நாள். ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள். தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்தபின் யாராவது ஒருவர் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊராட்சியில் பகலில் தனியாக விடப்படும் முதியவர்கள் எத்தனை பேர்? அவர்களை எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை பார்த்துக்கொள்ள, ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையும் சம்பளத்தோடு இரண்டு ஆட்களும் தர முடியுமா? சுவர் இல்லாத கிணறுகளுக்கு எப்போது வலை போடுவீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.